கதவு திறந்துதான் இருந்தது

அவள் மூன்று நிபந்தனைகள் சொன்னாள். முகம் தெரியக் கூடாது. ஊர் தெரியக் கூடாது. படம் வெளியே போவதற்கு முன் தான் ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும். இயக்குநர் மூன்றுக்கும் தலையாட்டினார். நான் அவற்றை என் குறிப்பேட்டில் எழுதி, கீழே இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வெளியே அவள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் அது நடந்தது. குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதலாவதையும் மூன்றாவதையும் இயக்குநர் காப்பாற்றினார். இரண்டாவதைக் கெடுத்தது நான்.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்கு நிருபர். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை மூன்றும் என் பகுதி. உருக்காலையில் கை போனவர், ஏரிக்கரை உடைப்பு, ரயில் தாமதத்துக்கு மறியல் என்று நாளுக்கு மூன்று செய்தியாவது அனுப்ப வேண்டும். இயக்குநர் சென்னைக்காரர். தொழிற்சாலை விபத்துகளைப் பற்றி அவர் முன்பு எடுத்த சிறிய படத்துக்கு நான் ஆட்களைப் பார்த்துக் கொடுத்திருந்தேன். இப்போது அவர் கையில் இருந்தது பெரிய வேலை. போர் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த ஏழு பெண்களைத் தீவிரவாதிகள் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் மீட்கப்பட்ட கதையை ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்தார். வேறு மாநிலங்களைச் சேர்ந்த இரண்டு பேர் ஏற்கெனவே பேசிவிட்டார்கள்.

"மூணாவது நர்ஸ் உங்க ஏரியா மேடம்" என்றார் போனில். "நீங்க கூட இருந்தா பேசறேன்னு சொல்றாங்க. அப்படியே தமிழ் வர்ணனையும் நீங்களே எழுதிடுங்க."

அவள் என்னைக் கேட்டதற்குக் காரணம் எளிது. அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு பெண்ணுக்கு விரல் நசுங்கியபோது நான் செய்தி எழுதியிருந்தேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டபடி அவள் பெயரை எழுதவில்லை. "பேரு போட மாட்டேன்னு சொன்னீங்க, போடல. அதான்" என்றாள்.

அவள் அப்பா ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். அவள் நர்சிங் படித்துவிட்டு வளைகுடாவில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். அங்கிருந்து நல்ல மருத்துவமனை என்று சொல்லி அந்த வேறு நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பிடிபட்டு, மருத்துவமனையின் பின்பக்கத்துப் பஞ்சுக் கிடங்கில் பத்தொன்பது நாள் இருந்தாள். திரும்பி வந்தபோது ஊரில் சொன்னது ஒரே வரி: கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. அவள் அம்மாவுக்குக்கூட அதற்கு மேல் தெரியாது. தூதரகத்திலிருந்து வந்த போனை எடுத்தவர் என்பதால் அப்பாவுக்கு மட்டும் தெரியும்.

இங்கே அவள் முதலுதவி அறை நர்ஸ். கார்களுக்குள் போகும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்பும் தொழிற்சாலை அது. நீல மேலங்கியும் தொப்பியும் போட்ட பெண்கள் மூன்று ஷிப்டிலும் நிற்பார்கள். ஒயர் முனையில் கிளிப் அழுத்தும் மெஷின்தான் அவளுக்கு நோயாளிகளை அனுப்பும்.

"இங்க வர்றவங்க விரலக் காட்றாங்க. நான் விரல மட்டும் பாக்கறேன். அவங்களும் என் கைய மட்டும் பாக்கறாங்க" என்றாள். "எனக்கு இது போதும்க்கா. ஊர்ல தெரிஞ்சா எல்லாருக்கும் ஒரே கேள்வி தான் வரும். வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க. கண்ணாலயே கேப்பாங்க. அதுக்கு நான் தெனம் பதில் சொல்லிகினு இருக்கணும்."

"அப்புறம் எதுக்கும்மா படத்துல பேசறே?"

"ரெண்டு பேரு பேசிட்டாங்க. அவங்க சொன்னத இவரு எப்டி எடுத்துகினாரோ தெரியல. நானும் பேசலன்னா அது தான் நெசம்னு ஆயிடும்ல?"

ஜன்னலுக்குப் பின்னால் விளக்கு வைத்து, அவள் முகத்தில் இருட்டு விழும்படி உட்கார வைத்தார்கள். அவள் வேலைக்கு வந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிடங்கில் பஞ்சு மூட்டைகளை அடுக்கி எப்படி மறைப்புக் கட்டினார்கள், ஒரு வாளித் தண்ணீரை ஏழு பேர் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னாள். காவல் இருந்தவர்களில் ஒருவனுக்குக் காலில் சீழ் வைத்திருந்ததையும், தான் அதைத் துடைத்துக் கட்டியதையும் சொன்னாள். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை என்று அவர் பேனாவைத் திருகிய விதத்தில் தெரிந்தது.

"கொஞ்சம் எமோஷனோட சொல்லலாம்மா. அழுகை வந்தா அடக்க வேணாம்."

"பேஷண்ட் அழுவாங்க சார். நானும் அழுதா கட்டு யாரு போடறது?"

கேமராக்காரர் சிரித்துவிட்டார். இயக்குநர் சிரிக்காமல் அடுத்த கேள்விக்குப் போனார். "அந்த நாட்டு ராணுவம் உங்கள எப்படி மீட்டாங்கன்னு சொல்லுங்க."

"யாரும் மீட்கல சார். கதவு தொறந்து தான் இருந்துச்சி."

"அதாவது, உடைச்சித் தொறந்தாங்க."

"இல்ல சார். வெளிய வர்றதுக்கு மொத நாளு மத்தியானமே காவலுக்கு இருந்தவங்க வண்டி ஏறிப் போய்ட்டாங்க. தாப்பா கூடப் போடல. மறுநாளு காலையில தான் நாங்க வெளிய வந்தோம். ஒருத்திக்கு நல்ல ஜுரம். அவள ஸ்ட்ரெச்சர்ல போட்டுத் தள்ளிகினே வந்தோம். ஒரு சக்கரம் வேற திரும்பாது. ரெண்டு மைலு இருக்கும், அங்க ஒரு செக்போஸ்ட்டு. அங்க தான் பட்டாளத்துக்காரங்கள பாத்தோம். தண்ணி குடுத்தாங்க, வண்டியில ஏத்திகினாங்க. நல்லவங்க தான். ஆனா கதவ அவங்க தொறக்கல."

பிறகு இயக்குநர் கேட்டார்: "மத்தியானத்துலேர்ந்து மறுநாள் காலை வரைக்கும் கதவு தொறந்து கெடந்தது. ஏன் வெளிய வரல?"

"அத கேமராவுல சொல்ல மாட்டேன்."

அவர் வேறு வேறு வார்த்தைகளில் இன்னும் நான்கு முறை கேட்டார். அவள் நான்கு முறையும் தலையை மட்டும் அசைத்தாள்.

படத்தொகுப்பு சென்னையில் ஒரு மாடி அறையில் நடந்தது. வாரம் இரண்டு நாள் மின்சார ரயிலில் போய் வந்தேன். முதல் நாளே இயக்குநர் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார். ராணுவ வீரர்கள் ஓர் இரும்புக் கதவைக் கடப்பாரையால் நெம்பி உடைக்கிறார்கள், தூசு பறக்கிறது, கேமரா ஆடுகிறது.

"இது எந்தக் கட்டடம்?" என்றேன்.

"வேற ஒரு ஊர்ல எடுத்தது. ராணுவம் குடுத்த கிளிப் மேடம்."

"அந்தப் பொண்ணு கதவு தொறந்து இருந்ததுன்னு சொல்றா."

"இது அந்தக் கதவுன்னு நான் சொல்லவே இல்லையே. பாக்கறவங்களுக்கு ஒரு உணர்வு வரணும்ல. மத்த ரெண்டு பேரும் கதவப் பத்தி ஒண்ணும் சொல்லல. தலைப்புலயே மீட்புன்னு இருக்கு. கதவு தொறந்து இருந்ததுன்னா யாரு யாரை மீட்டாங்க?"

அந்தக் கேள்வியைத்தான் படம் கேட்டிருக்க வேண்டும் என்றேன். அவர் கேட்டும் கேளாததுபோலக் காட்சியைப் பின்னால் ஓட்டினார். என் வர்ணனையில் கதவு உடைந்த வரியை எழுத மறுத்தேன். 'ராணுவத்தினர் அவர்களை முகாமுக்கு அழைத்துச் சென்றனர்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அந்த வரியை வைத்துக்கொண்டார். ஆனால் அது ஒலிக்கும் இடத்தில் உடையும் கதவைப் போட்டார். ஒரு வரி சரியாக இருந்தும் பொய்யாகிவிடும் என்பதைப் பத்திரிகையில் நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். படத்தில் அது இன்னும் சுலபம்.

அவள் சொன்ன பாதி அப்படியே போயிற்று. சீழ் துடைத்தது போயிற்று. திரும்பாத சக்கரம் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் வாதாடித் தோற்ற பிறகு, ஊரைக் காப்பாற்றினால் போதும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அதில் மட்டும் விடவில்லை. கிராமத்துக் காட்சிகளில் மேல்நிலை நீர்த்தொட்டி ஒன்று மாலை வெயிலில் அழகாக நின்றது; அதன் வயிற்றில் ஊராட்சியின் பெயர் நீலத்தில் எழுதியிருந்தது. வெட்டச் சொன்னேன். ஷேர் ஆட்டோவின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஊர்ப்பெயரை, அப்பாவின் சைக்கிளில் எழுதியிருந்த முதலெழுத்துகளை, அவள் மேலங்கிப் பையில் இருந்த தொழிற்சாலை முத்திரையை, ஒவ்வொன்றையும் ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திக் காட்டினேன். "தண்ணித் தொட்டி ஷாட் போனா படமே போச்சு மேடம்" என்று இயக்குநர் இரண்டு நாள் முனகினார். கடைசியில், "சரி, தொட்டிய எடுத்துடறேன். கதவப் பத்தி இனிமே பேசாதீங்க" என்றார்.

நான் சரி என்றேன். அதை இங்கே எழுத வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குக் கதவைக் கொடுத்தேன்.

மூன்றாவது நிபந்தனைப்படி, அவளுடைய வார விடுமுறை நாளில் நான் குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு அவள் கிராமத்துக்குப் போனேன். தன் அப்பாவும் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஊரில் யாரிடமும் கேட்காமல், கும்மிடிப்பூண்டியிலிருந்தே பிளேயரைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அம்மாவைப் பெரியபாளையத்தில் அம்மாவின் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பகல் பதினோரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு அவளும் நானும் உட்கார்ந்தோம். அப்பா உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடியே பார்த்தார்.

திரையில் அவள் வந்தாள். முகம் கறுப்பு, குரல் கனமாக்கப்பட்டிருந்தது.

"யாரும்மா அது?" என்றார் அப்பா.

"நான் தான் நைனா."

"மொத்தமா கறுப்பா ஒண்ணு கீது."

"நெல்லு மூட்ட மாதிரி கீறேன்ல?"

"மூட்டைக்கு இந்தக் கொரலு வராது" என்றார் அவர். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த அறையில் அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

கதவு உடைந்தது. அவள் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது இன்னா கதவுக்கா?"

நடந்ததைச் சொன்னேன். தொட்டியைப் பற்றியும் சொன்னேன். அவள் பிளேயரை நிறுத்தி, அந்த இடத்தை மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு மூன்றாவது முறையும் பார்த்தாள்.

"எங்கள ஒடச்சி எடுத்துகினு வந்த மாதிரி கீது" என்றாள். "சரி. ஊரு எங்கயாவது தெரியுதா?"

"எங்கயும் தெரியல. நான் பாத்துட்டேன்."

"அப்ப உடுங்க. வெளிய உடட்டும்."

அப்பா என்னைப் பார்த்து, "உன்ன நம்பித் தான்மா" என்றார்.

பிற்பகல் ஒன்றரைக்கு வெளியே வந்தேன். படத்தின் வெளியீடு அடுத்த சனிக்கிழமை சென்னையில். அதைப் பற்றி மாவட்டப் பக்கத்துக்குச் சிறு முன்செய்தி தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். செய்தி மூன்று மணிக்குள் திருவள்ளூர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கதவுக்காக எதுவும் செய்ய முடியாத ஆத்திரத்தில், செய்தியிலாவது சரியாக எழுதிவிட வேண்டும் என்ற வேகம் இருந்தது. பேருந்து நிறுத்தத்துச் சிமென்ட் பலகையில் உட்கார்ந்து, ஆட்டோ வருவதற்குள் நான்கு பத்தி எழுதினேன். 'இப்படத்தில் இடம்பெறும் செவிலியர்களில் ஒருவர் நமது மாவட்டத்தைச் சேர்ந்தவர்' என்று எழுதினேன். மாவட்டம் பெரியது, ஆயிரம் நர்ஸ்கள் இருப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண்கள் தாங்களாகவே வெளியே நடந்து வந்தவர்கள் என்று கடைசிப் பத்தியில் சேர்த்தேன். ஊத்துக்கோட்டை வந்து தொலைபேசிக் கடையில் ஃபேக்ஸ் அனுப்பினேன். தாள் சரியாகப் போயிற்றா என்று இரண்டு முறை கேட்டேன்.

மறுநாள் காலை பொன்னேரி ரயில் நிலையத்தில் பேப்பரை வாங்கிப் பிரித்தேன். செய்தி மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி வந்திருந்தது. இடப் பற்றாக்குறையால் கடைசிப் பத்தியை வெட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக் கோபப்பட்டபடி மேலே போனேன். அங்கே, முதல் வரியின் தொடக்கத்தில், தடித்த எழுத்தில், அவளுடைய ஊர்ப்பெயர் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கமா, மாதம், தேதி.

வேறு யாரும் போடவில்லை. நான் எழுதியதுதான். எங்கள் தொழிலில் செய்தி எழுத உட்கார்ந்தால் தாளின் இடது ஓரத்தில் முதலில் எழுதுவது ஊர். எங்கே உட்கார்ந்து எழுதுகிறோமோ அந்த ஊர். அதற்குப் பிறகுதான் என்ன எழுதுவது என்ற யோசனையே தொடங்கும். ஊர் இல்லாத செய்தியை மாவட்டப் பக்கத்தில் போட மாட்டார்கள். ஊர்ப்பெயர் வந்தால்தான் அந்த ஊரில் பேப்பர் விற்கும் என்பது முகவர்களின் கணக்கு. பதினான்கு வருடமாகக் கை அப்படியே எழுதிப் பழகியிருந்தது. ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தித் தண்ணீர்த் தொட்டியை அழித்த நான், அந்தத் தொட்டி தெரியும் தூரத்தில் உட்கார்ந்து, அதன் மேல் இருந்த பெயரை என் பேனாவால் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஊரில் வெளிநாடு போய் வந்த நர்ஸ் ஒருத்திதான்.

எட்டரைக்கு அப்பா பேசினார். ஏதோ கடையிலிருந்து பேசினார். பின்னால் ஆட்கள் சத்தம். "இன்னாம்மா இப்டிப் பண்ணிட்ட" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "ஊட்டுக்கு ஆளுங்க வந்துகினே கீறாங்க. அவங்கம்மா வேற பெரியபாளையத்துலேர்ந்து வர்ற பஸ்ல இருக்கறா. பஸ்லயே பேப்பர் இருக்கும்ல?" என்று கேட்டார். இருக்கும்.

திருவள்ளூருக்குப் போய் அலுவலகப் பொறுப்பாளரிடம் நின்றேன். தலை நரைத்தவர். இருபது வருடச் செய்திகளின் தவறுகளை விரல்விட்டுச் சொல்லக் கூடியவர்.

"திருத்தம் போடணும் சார்."

"போடலாம்மா. இன்னான்னு போடறது?"

"அந்த ஊர் தப்புன்னு."

"'நேற்றைய செய்தியில் குறிப்பிடப்பட்ட செவிலியர் இந்த ஊரைச் சேர்ந்தவர் அல்லர்.' இப்படியா?" அவர் தாளில் எழுதி என் பக்கம் திருப்பினார். "பொய்ன்றது ஒண்ணு. இன்னிக்கு பாக்காம உட்டவன் கூட நாளைக்கு ஊர் பேரப் பாப்பான். ரெண்டாவது தபா நீயே அடிச்சிக் காட்டின மாதிரி ஆயிடும்."

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா?"

"ஊர் பேர தப்பாப் போட்டா திருத்தம் போடலாம். சரியாப் போட்டதுக்கு இன்னா திருத்தம் போடுவ?" என்றார். நையாண்டியாகச் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, எனக்கு டீ சொன்னார். அந்த டீயை நான் குடித்தேன் என்பது இப்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அவள் என் போனை மூன்று நாள் எடுக்கவில்லை. நான்காம் நாள் தானே பேசினாள்.

"இன்னிக்கு முப்பத்திரண்டு தலவலிக்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"விரலே வரல. எல்லாம் தலவலி, வயித்துவலி. பதிவேட்டப் பாத்தா ஃபேக்டரியில கொள்ள நோவு வந்த மாதிரி கீது. உள்ள வர்றாங்க, உக்காற்றாங்க, என்னையே பாக்கறாங்க. மாத்திரையக் குடுத்தா வாங்கி மடிச்சி பையில வெச்சிக்கறாங்க. ஒருத்தி மட்டும் கேட்டுட்டா. 'இன்னாக்கா பண்ணாங்க உன்ன?' அவ தான் நேர்மையானவ. நிர்வாகத்துல வேற கூப்ட்டு, மகளிர் தினத்துக்கு மேடையில சால்வ போட்றோம்னாங்க. வீரப் பெண்மணியாம்."

"என் தப்பும்மா. கைப்பழக்கத்துல..."

"தெரியும். நீங்க வேணும்னே பண்ல. அத பேசறதுக்கு போன் பண்ல. எல்லாருக்கும் தான் தெரிஞ்சிடுச்சே. இனிமே கறுப்பு எதுக்கு? மூஞ்சியக் காட்டச் சொல்லுங்க. அதுக்கு பதிலு, கதவு தொறந்து இருந்துச்சின்னு நான் சொன்னத சேக்கச் சொல்லுங்க. அந்த ஒடைக்கற கதவ எடுக்கச் சொல்லுங்க. அவ்ளோ தான்."

அன்றே இயக்குநரிடம் பேசினேன். முகம் காட்டச் சம்மதம் என்றதும் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. கதவு என்றதும் அடங்கிற்று.

"மேடம், சவுண்ட் மிக்ஸிங் முடிஞ்சி படம் லாக் ஆயிடுச்சி. முகம்னா ஒரே ராத்திரியில வெளிச்சத்த ஏத்திக் காட்டிடலாம். கதவுன்னா மொத்த கடைசி பத்து நிமிஷமும் மாறும். சனிக்கிழமை ஷோ. அந்த ராணுவத்துலேர்ந்து ஒரு பெரிய அதிகாரி வேற வர்றாரு."

"அவ முகத்தோட விலையா அந்த ஒரு வரிய கேக்கறா."

"அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம் மேடம்."

அடுத்த வெர்ஷன் என்று ஒன்று வரவில்லை. வராது என்று பேசும்போதே இருவருக்கும் தெரியும். நான் அவளிடம் சொன்னேன். "அப்ப மூஞ்சியும் வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை சென்னை அரங்கில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். படம் நன்றாக எடுக்கப்பட்டிருந்தது; அதை மறுக்க முடியாது. இரும்புக் கதவு உடைந்து விழுந்தபோது அரங்கம் கைதட்டியது. அந்தத் தட்டலுக்கு நடுவே, என்னுடைய சரியான வரி, அழகான உச்சரிப்புள்ள ஓர் ஆணின் குரலில் ஒலித்தது. வர்ணனை எழுதியவர் என்று திரையில் வருவதற்கு முன் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு தகவல் வந்தது. முதலுதவி அறையின் கதவில் அவள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: 'புதன்கிழமை, சாப்பாட்டு நேரம், கேன்டீன். கேட்க வேண்டியவர்கள் வரலாம். ஒரே முறைதான் சொல்வேன். வியாழன் முதல் தலைவலிக்கு மாத்திரை மட்டும்.' நிர்வாகத்திடம் அவள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்: சால்வை வேண்டாம், அரை மணி நேரம் கேன்டீனில் ஆண்கள் இல்லாமல் இருந்தால் போதும்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கே நான் தொழிற்சாலை வாசலில் இருந்தேன். காவலாளி விடவில்லை. "பிரஸ்ஸுக்கு அலவ்டு இல்ல மேடம்." நான் நிருபராக வரவில்லை, தெரிந்தவள் என்றேன். "அந்த நர்ஸம்மாவே சொல்லிட்டாங்க மேடம். நீங்க வருவீங்க, உட வேணாம்னு." அவருக்கே அதைச் சொல்லச் சங்கடமாக இருந்தது, ஸ்டூலை எடுத்து நிழலில் போட்டார். எதிர்ப்புற உருக்காலையின் செந்தூசி சாலை முழுக்கப் படிந்து கிடந்தது. லாரிகள் போகும்போதெல்லாம் அது எழுந்து அடங்கியது. பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. ஒரு மணிக்கு மறுபடி ஊதியது. அந்த அரை மணி நேரமும் உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. நூற்றுக்கணக்கான பெண்கள் சாப்பிடும் இடத்தில் ஒரு தட்டு விழுந்த சத்தம்கூட இல்லை.

இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். முன்பு விரல் நசுங்கியவள், நான் பெயர் போடாமல் எழுதியவள். கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் பாதிதான் இருந்தது.

"என்னம்மா சொன்னாங்க?" என்றேன்.

"எது மேடம்?"

"கதவு தொறந்து இருந்தும் அன்னிக்கு ஏன் வெளிய வரலன்னு. அத சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இன்னா மேடம், ஊர் பேரு போட்டு எழுதறதுக்கா?" என்றாள்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். விரல் நசுங்கியவள் சிரிக்கவில்லை. "அது எங்களுக்குச் சொன்னது மேடம்" என்றாள், தன்மையாகத்தான். ஆட்டோ வந்தது. ஆறு பேர் ஏற வேண்டிய இடத்தில் பதினோரு பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறியவளின் மேலங்கி நுனி வெளியே தொங்கிக்கொண்டு போயிற்று.

வியாழக்கிழமை தலைவலி எத்தனை என்று கேட்டு அவளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது: 'விரல் 4. தலவலி 0.' அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எனக்கு எதுவும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

படம் பல ஊர்களில் திரையிடப்பட்டது. இன்னும் எங்கோ ஓடும். அதில் கதவு உடைகிறது. உண்மையான கதவு ஒரு பிற்பகலும் ஓர் இரவும் திறந்து கிடந்தும் அவர்கள் ஏன் வெளியே வரவில்லை என்பது தொழிற்பேட்டையில் ஒயர் கட்டிய சில நூறு பெண்களுக்குத் தெரியும். நான் அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அந்தப் பகுதிக்குச் செய்தி எழுதினேன். அந்தப் பெண்களில் பலரைச் சந்தித்தேன். ஒருத்தியும் சொல்லவில்லை.